ஒரு மைல் இருமல்

பன்றி இருமினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொட்டகையில் நெருக்கமாக அடைத்து வளர்க்கும் எந்த விலங்குக்கும் சளி, காய்ச்சல், இருமல் வந்து போவது வழக்கம். பண்ணைக்காரர் ஊசி போடுவார், சில குட்டிகள் சாகும், மற்றவை தேறிவிடும். அதனால்தான் பேராக் மாநிலத்தின் கிந்தா மாவட்டத்தில், ஈப்போவை ஒட்டிய தம்புன், உலு பியா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் எழுந்த ஒரு புது இருமல் நெடுநாள் தனியாகக் கணக்கில் வரவில்லை. அது சாதாரண இருமலாக இருக்கவில்லை. சளி கக்காத, வறண்ட, நாய் குரைப்பது போன்ற கடும் இருமல். வெகுதூரம் கேட்டதால் அதற்கு ‘ஒரு மைல் இருமல்’ என்றே பெயர் வந்தது. இருமிய பன்றிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. சிலவற்றுக்கு உடம்பு வெட்டி இழுத்தது, பின்னங்கால்கள் தளர்ந்தன. சினைப்பன்றிகளில் சில, மூக்கில் இரத்தமும் நுரையுமாகத் திடீரென்று செத்து விழுந்தன. ஆனாலும் வளர்ந்த பன்றிகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாகவே இறந்தன. நோய் கண்ட பல பன்றிகள் நோயின் அறிகுறியே இல்லாமல் தின்றுகொண்டும் எடை போட்டுக்கொண்டும் இருந்தன.

இந்த இருமலை யாராவது உடனே துருவி ஆராய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விதான் இந்த அத்தியாயத்தை எழுத வைத்தது. காட்டு விலங்குக்கும் வளர்ப்பு விலங்குக்கும் இடையே மூச்சுநோய் எப்படிக் கடந்து போகிறது என்பதைப் படிக்க, உலகத்தில் ஈப்போவைப் போல நல்ல பாடம் தரும் ஊர்கள் குறைவு.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். கிந்தாப் பள்ளத்தாக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஈயத்தால் வாழ்ந்தது. 1985-ல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை விழுந்தபோது லம்பங்கள் என்ற ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தண்ணீர் நிறைந்த ஈயக் குட்டைகளும் வெள்ளை மணல்மேடுகளும் மிஞ்சின. அந்த நிலத்தில் மீன் குளம், காய்கறி, தம்புனுக்குப் பேர் வாங்கித் தந்த பம்ளிமாஸ், மாங்காய், பன்றி, கோழி என்று மக்கள் புதுப் பிழைப்புத் தேடிக்கொண்டார்கள். மறுபக்கம் ரப்பர். மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகளில் சில 1877-ல் இதே பேராக்கின் குவாலா கங்சாரில் நடப்பட்டவை. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய தோட்டங்கள் பின்னர் செம்பனைக்கு மாறின, துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. காடு, பழத்தோப்பு, கொட்டகை, குடியிருப்பு எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் நிலம் இப்படித்தான் உருவானது.

1998 செப்டம்பர் கடைசியில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளைச் சேர்ந்தவர்கள் கடும் காய்ச்சல், தலைவலி, மயக்கத்தோடு மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். சிலர் ஓரிரு நாளில் நினைவிழந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்பது தெளிவாகத் தெரிந்தது. பன்றி, கொசு, மூளைக்காய்ச்சல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான். அந்த வைரஸ் பன்றியில் பெருகும், கொசுவழி மனிதருக்கு வரும், மலேசியாவில் முன்பே இருந்தது. சில நோயாளிகளின் இரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் புரதமும் கிடைத்தது. எனவே கொசு மருந்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். கையில் இருந்த சான்றை வைத்துப் பார்த்தால் அது பொறுப்பற்ற முடிவல்ல.

ஆனால் பொருந்தாத செய்திகள் சேர்ந்துகொண்டே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் உழைக்கும் வயது ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் வந்தது. ஒரே வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது. கொசுவுக்கு மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற வேறுபாடு கிடையாது. அப்படியிருக்க, அதே வட்டாரத்தில் வாழ்ந்தும் பன்றியைத் தொடாத மலாய்க் குடும்பங்கள் தப்பின. பன்றி வளர்த்த சீனக் குடும்பங்களும் அவர்களிடம் வேலை பார்த்த தொழிலாளர்களும் விழுந்தார்கள். அந்தத் தொழிலாளர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வளர்ந்த பன்றியை இரும வைக்காது. இங்கே மனிதர் நோயுறுவதற்கு முன்பே அந்தந்தப் பண்ணைகளில் பன்றிகள் இருமியிருந்தன.

அதற்குள் இருமல் லாரி ஏறிவிட்டது. பேராக்கிலிருந்து பன்றிகள் தெற்கே விற்கப்பட்டன. நெகிரி செம்பிலானில் சிரம்பானை ஒட்டிய சிகாமாட்டுக்கும், பிறகு போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக்குக்கும் நோய் போய்ச் சேர்ந்தது. அன்று மலேசியாவில் பன்றி வளர்ப்பு மிக நெருக்கமாக நடந்த இடங்களில் புக்கிட் பெலாண்டோக் ஒன்று. சாவும் அங்கேதான் அதிகம். 1999 மார்ச்சில் சிங்கப்பூரின் இறைச்சிக்கூடங்களில் மலேசியப் பன்றிகளைக் கையாண்ட 11 பேர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். மலேசியாவில் எல்லாம் அடங்கியபோது அரசுக் கணக்கில் 265 பேர் நோயுற்றிருந்தார்கள், 105 பேர் இறந்திருந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் மூளைக்காய்ச்சல் திரும்பி வந்தது.

விடை வந்தது மலாயாப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்திலிருந்து. மருத்துவர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் தண்டுவட நீரை, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களின் மேல் விட்டுப் பார்த்தார். செல்கள் தனித்தனியாகச் சாகவில்லை. பக்கத்துச் செல்லோடு உருகிச் சேர்ந்து, பல உட்கருக்கள் கொண்ட பெருஞ்செல்களாயின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் இப்படிச் செய்யாது. 1999 மார்ச்சில் மாதிரிகளை எடுத்துக்கொண்டு அவர் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்தது தட்டம்மைக் குடும்பத்து வைரஸ். 1994-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸின் நெருங்கிய உறவு. மாதிரி வந்த ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

பிறகு நடந்தது பெரும் அழிப்பு. இராணுவம் இறங்கியது. சில மாதங்களுக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டுக் குழியில் புதைக்கப்பட்டன. நாட்டின் பன்றிப் பண்ணைகளில் பாதிக்கு மேல் மறைந்தன. ஒரு தலைமுறை உழைப்பில் எழுந்த குடும்பங்கள் சில வாரங்களில் கையில் ஒன்றுமில்லாமல் நின்றன. அந்தத் துயரத்தை எண்ணிக்கையில் அடக்க முடியாது. நோயை நிறுத்தியது அந்த அழிப்புத்தான் என்பதும் உண்மை.

*

தட்டம்மைக் குடும்பம் என்று தெரிந்ததுமே, இது எங்கிருந்து வந்தது என்று தேடுவதற்கு ஒரு திசை கிடைத்தது. ஹெண்ட்ராவின் இருப்பிடம் பழந்தின்னி வௌவால். மலேசியாவிலும் இரண்டு பெரிய பழந்தின்னி வௌவால் இனங்கள் உள்ளன. மலாயில் கெலுவாங் என்கிற பெரிய இனம், சிறகு விரித்தால் ஒன்றரை மீட்டர் வரை இருக்கும். தீவுகளில் வாழும் இனம் அதைவிடச் சிறியது. கால்நடைத் துறையின் ஜொஹாரா யோப் குழுவினர் 14 இனங்களைச் சேர்ந்த 324 வௌவால்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 5 இனங்களைச் சேர்ந்த 21 வௌவால்களில் நிப்பாவுக்கான எதிர்ப்புப் புரதம் இருந்தது. தியோமான் தீவில் சுவா காவ் பிங் குழுவினர் வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பிச் சொட்டிய சிறுநீரைச் சேகரித்தார்கள். சிறுநீரிலிருந்தும், வௌவால் கடித்துப் போட்ட ஜம்புப் பழத்திலிருந்தும் உயிருள்ள வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 2002-ல் அது வெளியானது.

கடித்துப் போட்ட பழம் என்றதும் தம்புன் பண்ணை தெளிவாகிவிடுகிறது. நோய் முதலில் தோன்றிய பண்ணை சின்னஞ்சிறு கொட்டகை அல்ல. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் இருந்த பெரும் பண்ணை. கொட்டகைகளை ஒட்டியே மாமரங்கள். பன்றிக்கழிவு மரத்துக்கு உரம், மாங்காய் இரண்டாவது வருமானம். வேளாண்மைக் கணக்கில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. இரவில் பழம் தேடி வந்த வௌவால் மாம்பழத்தைக் கடித்துச் சாறு உறிஞ்சும், சக்கையைத் துப்பும், மிச்சத்தைக் கீழே போடும், சிறுநீர் கழிக்கும். கிளைக்குக் கீழே திறந்த கொட்டகை. விழுந்ததைப் பன்றி தின்றிருக்க வேண்டும்.

அப்படியானால் வௌவால் ஏன் அப்போது வந்தது? 1997-ல் இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகைமூட்டம் மலேசியாவைப் பல வாரங்கள் மூடியது. எல் நினோ வறட்சியும் சேர்ந்துகொண்டது. காட்டில் பூவும் பழமும் குறைந்ததால் வௌவால்கள் தோப்புகளுக்கு வந்தன என்று ஒரு விளக்கம் பரவியது. நன்றாகப் பொருந்துவது போலத் தோன்றும் விளக்கம். பல கட்டுரைகளில் இன்றும் அதுவே நிற்கிறது. ஆனால் பழைய மருத்துவக் குறிப்புகளையும் இரத்த மாதிரிகளையும் மறுபடி பார்த்தபோது, தம்புன் பண்ணையோடு தொடர்புடைய மனித நோய் 1997 ஜனவரியிலேயே தோன்றியிருந்தது தெரிந்தது. புகைமூட்டம் அந்த ஆண்டின் பிற்பாதியில் வந்தது. பின்னால் வந்த புகை முன்னால் வந்த நோய்க்குக் காரணமாக முடியாது.

என் மனத்தில் அதிகம் நிற்கும் விளக்கம் 2012-ல் ஜூலியட் புல்லியம் என்ற ஆய்வாளரும் மலேசியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா சேர்ந்த அவருடைய குழுவினரும் வெளியிட்டது. அவர்கள் தம்புன் பண்ணையின் பிறப்பு, இறப்பு, விற்பனைப் பதிவேடுகளை வைத்து நோய் எப்படி நகர்ந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். சிறிய பண்ணையில் வைரஸ் நுழைந்தால் எல்லாப் பன்றிக்கும் வரும், தேறியவற்றுக்கு எதிர்ப்பு உண்டாகும், புதிதாகப் பிடிக்க ஆளில்லாமல் வைரஸ் அணைந்துபோகும். பெரிய பண்ணையிலும் முதல் முறை நுழைந்தபோது இதேதான் நடக்கும், சில வாரங்களில் வெந்து தணியும். ஆனால் முதல் அலைக்குப் பிறகு பிறக்கும் குட்டிகளுக்குத் தாய்ப்பன்றியின் சீம்பாலில் எதிர்ப்புப் புரதம் கிடைக்கிறது. அது சில வாரங்கள் காக்கும், பிறகு தேயும். ஒவ்வொரு குட்டிக்கும் வேறு வேறு நாளில் தேயும். அந்த நிலையில் வௌவாலிடமிருந்து இரண்டாம் முறை வைரஸ் விழுந்தால் என்ன ஆகும்? எல்லாக் குட்டிகளும் ஒரே சமயம் நோயுறுவதில்லை. இன்று சில, அடுத்த வாரம் சில, அதற்கடுத்த வாரம் வேறு சில என்று வைரஸுக்குப் புது உடல் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அது பண்ணையை விட்டுப் போகவில்லை. அந்த ஆண்டுகளிலெல்லாம் நோயை ஏந்திய இளம்பன்றிகள் விற்பனைக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஒரு முறை வந்து அணைந்திருக்க வேண்டிய தீப்பொறியை அணையாத அடுப்பாக்கியது பண்ணையின் அளவும், ஓயாத பிறப்பும், மாமரத்தின் அருகாமையும்தான். வௌவால் அங்கே நெடுங்காலமாக இருந்தது. வைரஸும் அதனோடு நெடுங்காலமாக இருந்தது. புதிதாக வந்தது அந்த ஏற்பாடு மட்டுமே. நோயைக் கொண்டுவந்த விலங்கு எது என்று கேட்டு அதை வெறுப்பதில் காட்டும் வேகத்தை, இரண்டு விலங்குகள் எங்கே, எப்படிச் சந்தித்தன என்று கேட்பதில் நாம் காட்டுவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது கேள்வி.

பன்றி இங்கே பாலமாக நின்றதற்கு அதன் மூச்சுக்குழாய் ஒரு காரணம். நிப்பா வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கொக்கி எஃப்ரின் பி2 என்னும் புரதம். இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நரம்புச் செல்களிலும் அது நிறைய இருக்கிறது. வௌவால், பன்றி, குதிரை, நாய், பூனை, மனிதர் என்று பாலூட்டிகளில் அது ஏறக்குறைய ஒரே வடிவம். அதனால் இந்த வைரஸுக்கு இனவேலி மிகத் தாழ்வு. மலேசியாவில் மனித உடலில் அது முக்கியமாக மூளையைத் தாக்கியது. பன்றியிலோ மூச்சுக்குழாயின் உட்சவ்வில் பெருகியது. இருமும்போது எச்சில் துளிகளோடு வெளியே தெறித்தது. கொட்டகையைக் கழுவியவர், குட்டிக்கு மருந்து புகட்டியவர், பன்றியைப் பிடித்து லாரியில் ஏற்றியவர் முகத்தில் அது விழுந்தது. பங்களாதேஷில் 2001 முதல் தோன்றிவரும் நிப்பாவும், 2018-ல் கேரளத்தின் கோழிக்கோட்டு வட்டாரத்தில் 17 பேரைக் கொண்டுபோன நிப்பாவும் பன்றியின் துணையில்லாமலே வந்தவை. பங்களாதேஷில் வௌவால் வாய்வைத்த, காய்ச்சாத ஈச்சம் பதநீர் முக்கிய வழி. அங்கே நோயாளியின் மூச்சும் சளியும் பக்கத்திலிருப்பவருக்கும் நோயைக் கொடுத்தன.

*

இதுவரை சொன்னது காட்டிலிருந்து கொட்டகைக்கு வந்த நோய். எதிர்த்திசையில் போகும் நோய்கள் இன்னும் அதிகம். அவற்றைப் பற்றி நாம் குறைவாகப் பேசுகிறோம். காரணம், அங்கே சாவது காட்டு விலங்கு.

அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வாழும் பெருங்கொம்பு ஆடு இதற்குத் தெளிவான சான்று. வெள்ளையர் தங்கள் செம்மறி மந்தைகளோடு அந்த மலைகளுக்குள் வந்த பிறகு, காட்டு மந்தைகள் நுரையீரல் நோயால் மொத்தமாக விழுந்தன. வேட்டையும் மேய்ச்சல் போட்டியும் சேர்ந்து, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் சில பத்தாயிரம் ஆடுகளே மிஞ்சின. ஆராய்ச்சியாளர்கள் ஆரோக்கியமான வீட்டுச் செம்மறியையும் ஆரோக்கியமான காட்டு ஆட்டையும் ஒரே பட்டியில் விட்டுப் பார்த்தார்கள். செம்மறிக்கு ஒன்றும் ஆகவில்லை. காட்டு ஆடுகள் நுரையீரல் அழற்சியில் செத்தன. எந்தக் கிருமி முதற்காரணம் என்பதில் பல ஆண்டு வாதம் நடந்தது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் பெஸ்ஸர் குழுவினர் மைக்கோபிளாஸ்மா ஓவிநியூமோனியே என்ற செல்சுவரில்லாத பாக்டீரியாவை அடையாளம் கண்டார்கள். அது இல்லாத செம்மறியோடு வைத்தபோது பெரும்பாலான காட்டு ஆடுகள் பிழைத்துக்கொண்டன.

அந்தக் கிருமி செய்யும் வேலை எளிமையானது. மூச்சுக்குழாயின் உட்சவ்வில் கோடிக்கணக்கான நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு மேலே தள்ளிக்கொண்டிருக்கும். மைக்கோபிளாஸ்மா அந்த மயிர்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்குகிறது. பிறகு தொண்டையில் சாதுவாக இருந்த மற்ற பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்கி அழிவை முடிக்கின்றன. வீட்டுச் செம்மறி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்தக் கிருமியோடு பழகியது. காட்டு ஆட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. முதல் அலையில் தப்பிய பெண்ணாடுகளில் சில, கிருமியை மூக்கில் சுமந்தபடியே வாழ்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் பிறக்கும் குட்டிகள் அந்தத் தாய்களிடமிருந்து நோயை வாங்கிச் சில வாரங்களில் இறக்கின்றன. மந்தை பார்வைக்கு நலமாக இருக்கும், ஆனால் வளராது. தம்புன் பண்ணையில் நடந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கிருமி நிலைத்து நிற்பது குட்டிகளின் மேல்தான். இடாஹோ மாநிலத்தின் பாயெட் தேசியக் காட்டில் 2010-ல் செம்மறி மேய்ச்சல் நிலத்தைப் பெருமளவு குறைத்தார்கள். மேய்ப்பர்களுக்கு அது பெரிய அடி. காட்டு ஆட்டைக் காக்க, இரண்டையும் பிரித்து வைப்பதைவிட உறுதியான வழி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டுக்காரருக்கு இது அந்நியக் கதையாகத் தோன்ற வேண்டாம். 1968-ல் முதுமலை, பண்டிப்பூர்க் காடுகளில் காட்டெருதுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தது மாட்டு வெக்கை நோயால். அந்த வைரஸும் தட்டம்மைக் குடும்பந்தான். தடுப்பூசியால் 2011-ல் உலகிலிருந்தே அது ஒழிக்கப்பட்டது. அதன் உறவான ஆட்டுக்கொல்லி நோய் இன்னும் இருக்கிறது. 2017-ன் தொடக்கத்தில் மங்கோலியாவில் வெள்ளாடு, செம்மறிகளிடமிருந்து சைகா என்ற அரிய மான்களுக்கு அது தாவி, ஆயிரக்கணக்கில் கொன்றது. மலேசியாவிலேயே 2021-ல் சாபாவில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வந்தபோது காட்டில் தாடிப்பன்றிகளும் மடிந்தன.

இனி ஈப்போவுக்கே திரும்புகிறேன். இங்கே காட்டுச் செம்மறி கிடையாது, ஆனால் அதன் உறவு உண்டு. மலாயில் கம்பிங் குருன் என்கிற காட்டாடு, கறுத்த உடம்பும் பிடரி மயிரும் பின்னோக்கி வளைந்த குட்டைக் கொம்பும் கொண்டது. செங்குத்தான சுண்ணாம்புப் பாறையில் கால் வைக்க இடம் தெரிந்த விலங்கு. மலேசியச் சட்டத்தில் முழுப் பாதுகாப்புப் பெற்றது. தைப்பூசத்தன்று ஈப்போவின் கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுத்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்திருக்கும் குன்றுகளைப் போன்ற கிந்தாக் குன்றுகள்தான் இங்கே அதற்கு மிஞ்சிய இடம். சுற்றிலும் நகரமும் செம்பனையும் நெடுஞ்சாலையும் வந்துவிட்டன. சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் வெட்டி எடுப்பதில் சில குன்றுகளே குறைந்துகொண்டு வருகின்றன. குன்றில் வாழும் சிறு கூட்டத்துக்கு ஒரு நோய் வந்தால், வெளியிலிருந்து வந்து சேர வேறு ஆடு இல்லை.

குன்றுக்குக் கீழே வெள்ளாடு. தோட்டத்து லயத்தில் பின்பக்கம் நாலு ஆடு கட்டாத தமிழ்க் குடும்பம் குறைவு. மகளின் கல்யாணச் செலவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் அதுவே கையிருப்பு. தோட்டம் விற்கப்பட்டு மக்கள் இடம் மாறிய பிறகும் ஆடு வளர்ப்பு நிற்கவில்லை, குன்றடிக்கும் குட்டையோரத்துக்கும் நகர்ந்தது. 1970, 80களில் ரப்பர் மரங்களுக்கு அடியில் புல் மேய்க்கச் செம்மறிகளை வளர்க்கும் திட்டத்தையும் ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் பெரிய தோட்ட நிறுவனங்களும் முனைந்து நடத்தின. களை எடுக்கும் கூலி மிச்சம், கூடவே இறைச்சி. அந்தச் செம்மறிகளைப் பெரிதும் வாட்டியது நுரையீரல் அழற்சி. மலேசியாவின் ஈர வெப்பத்தில், மழைக்குப் பிறகு, லாரியில் நெருக்கி ஏற்றிக் கொண்டுவந்த அலுப்பில் அது எளிதாகக் கிளம்பும். புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர் முகமது ஸம்ரி சாஅட், ஆட்டின் மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்தை உருவாக்கியது இந்த நோய்க்காகத்தான்.

மேலே குன்றில் ஒரு காட்டாடு, கீழே இருமும் வெள்ளாடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாறைச் சரிவும் சில நூறு மீட்டர் புதரும் மட்டுமே இருக்கும் இடங்கள் கிந்தாவில் உண்டு. 1997-ல் மாமரத்துக்கும் கொட்டகைக்கும் இடையே இருந்த தூரம் இதைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

வௌவாலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நோய் வந்த பிறகு எந்த ஊரிலும் எழும் முதல் குரல், வௌவாலைச் சுடு, மரத்தை வெட்டு என்பது. தியோமான் தீவில் ஷீமா அப்துல் அஸீஸ் நடத்திய ஆய்வில், இரவில் டுரியான் பூக்களில் தேன் குடிக்கும் பழந்தின்னி வௌவால் பூவைக் கெடுப்பதில்லை, மகரந்தத்தைச் சுமந்து காய் பிடிக்க வைக்கிறது என்று தெரிந்தது. செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தபோது, தீபகற்ப மலேசியாவின் பெரிய கெலுவாங் சுமாத்ராவுக்கும் தாய்லாந்துக்கும் பறந்து போய் வந்தது. ஒரு நாட்டில் சுட்டுத் தீர்க்க முடியாத விலங்கு அது. சுடச் சுடக் கூட்டம் கலைந்து புது மரங்களைத் தேடும், புதுப் பண்ணைகளுக்கு மேல் பறக்கும்.

1999-க்குப் பிறகு மலேசியா செய்த காரியங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது மிகச் சாதாரணமான ஒன்று: கொட்டகைக்கு அருகே பழமரம் வேண்டாம் என்றார்கள். வௌவாலும் பன்றியும் சந்திக்கும் இடத்தை எடுத்துவிட்டார்கள். அதன்பின் இந்த நாட்டில் நிப்பா மனிதரிடையே மறுபடி பரவவில்லை. நாட்டின் கால்நடை ஆய்வுக் கழகம் இருப்பதும் ஈப்போவில்தான். அதன் ஆய்வுக்கூடத்திலிருந்து குன்றுகள் பக்கம். குன்றடியில் காட்டாட்டின் சடலம் கிடைத்தால், அது சாலையில் அடிபட்டது போலத் தோன்றினாலும், நுரையீரலிலிருந்து ஒரு துண்டும் மூக்கிலிருந்து ஒரு துடைப்பு மாதிரியும் ஆய்வுக்கூடம் போக வேண்டும். அந்தக் குன்றைச் சுற்றி ஆடு வளர்ப்பவர்களிடம் எந்த மாதத்தில் குட்டிகள் இருமுகின்றன, புதிதாக வாங்கிய ஆட்டைப் பழைய மந்தையோடு சேர்க்குமுன் எத்தனை நாள் தனியே கட்டுகிறார்கள் என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். கேட்டால் அவர்கள் சொல்வார்கள். தம்புன் பண்ணைக்காரர்களுக்கும் தங்கள் பன்றி எப்படி இருமியது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.